காற்று வரும் திசைக்கே போன படகு

சேலையூரில் எங்கள் வீட்டு கார் ஷெட்டில் கார் நின்றதே இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே ஒரு படகு கிடந்தது.

என் கணவர் மறைமலை நகரில் கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் டிசைன் பிரிவில் இருந்தார். வாரம் முழுக்க பிரேக் பெடல் வரைந்துவிட்டு, சனிக்கிழமைகளில் பிளைவுட்டை அறுத்து, ஒட்டி, மேலே ஃபைபர் பூசி, பன்னிரண்டு அடி நீளத்தில் மூன்று பேர் உட்காரும் பாய்ப்படகைத் தானே வடிவமைத்துக் கட்டினார். பாய்மரம் ஒரு அலுமினியக் குழாய். இரும்பு வேலையெல்லாம் திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையில் நடந்தது. பாயைத் தைத்துக் கொடுத்தவர் தாம்பரத்தில் கார் சீட் கவர் தைப்பவர். கல்யாணப் பந்தலுக்கு ஏதோ புது மாதிரி துணி என்று அவர் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

நான் பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுப்பவள். நீச்சல் தெரியாது. அதனால் முதல் ஓட்டத்தில் கரையில் நின்று குறிப்பெடுப்பது என் வேலையானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும், மினி லோடு வண்டியில் படகை ஏற்றி முட்டுக்காட்டு உப்பங்கழிக்குக் கொண்டுபோனோம். பாலத்துக்குப் பக்கத்தில் இறக்கினோம். மதியத்துக்கு மேல் கடல்காற்று கிளம்பியதும் அவரும், ஐந்தாம் வகுப்பு படித்த எங்கள் மகளும் ஏறிக்கொண்டார்கள். பாய் உப்பியது. காற்று தள்ளத் தள்ளப் படகு மேற்கே அழகாகப் போயிற்று. திரும்பி வரத்தான் முடியவில்லை. மூக்கு என்னவோ பாலத்தைப் பார்த்துத்தான் இருந்தது. படகு மட்டும் நண்டு மாதிரி பக்கவாட்டில் நழுவி நழுவி இன்னும் மேற்கே போனது. நான் கரையிலிருந்த ஒரு பனைமரத்தையும் ஒரு மின்கம்பத்தையும் அடையாளமாக வைத்து, நிமிஷத்துக்கு ஒரு புள்ளியாக நோட்டில் குறித்தேன். எந்தப் புள்ளியும் பாலத்தை நெருங்கவில்லை.

வலை வீசிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் தன் படகில் கயிறு கட்டி இழுத்து வந்தார். அவருக்கு எங்கள் வயதுதான் இருக்கும். கரையேறியதும் எங்கள் படகைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"ஷோக்கா செஞ்சிகீற சார். ஆனா ரெண்டு பேரும் பின்னாடியே குந்திகினு கீறீங்க. பின்பக்கம் முழுகி தண்ணிய இஸ்துகினு வருது. அப்பால எங்க ஓடும்?"

என் கணவர் தலையாட்டினார். முகம் வாடியிருந்தது.

வீட்டுக்கு வந்து புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தேன். படகின் நடுவில், ஒரு பிளவு வழியாகத் தண்ணீருக்குள் இறங்கும் பலகை ஒன்று உண்டு. பக்கவாட்டு நழுவலைத் தடுப்பது அதன் வேலை.

"அந்தப் பலகை பத்தலங்க. இன்னும் ஒரு அடியாவது ஆழமா இறங்கணும்" என்றேன்.

"டிராயிங்ல சரியாத்தானே இருக்கு."

"டிராயிங்ல காத்து அடிக்கலையே."

மூன்று நாள் அவர் என்னிடம் படகைப் பற்றிப் பேசவில்லை. நான்காம் நாள் திருமுடிவாக்கத்திலிருந்து நீளமான புதுப் பலகையோடு வந்து நின்றார். உட்காரும் பெஞ்சையும் பெயர்த்து முன்னால் தள்ளிப் பொருத்தினார். "நீதானே கணக்கு போட்ட. இந்த வாட்டி நீயும் வந்து பாரு" என்றார்.

அடுத்த ஞாயிறு, முட்டுக்காட்டில், லைஃப் ஜாக்கெட்டின் பட்டியை இரண்டு முறை இறுக்கிக்கொண்டு நானும் ஏறினேன். மேற்கே போகும்போது ஒன்றும் தெரியவில்லை. காற்றோடு சேர்ந்து போவதால் காற்றே இல்லாதது போல இருந்தது. கரை மட்டும் வேகமாக விலகியது. பிறகு அவர் சுக்கானைத் திருப்பினார். அதுவரை எங்கோ இருந்த காற்று மொத்தமாக முகத்தில் வந்து அறைந்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. "இந்தப் பக்கம் வாங்க" என்றார். நானும் மகளும் உயர்ந்திருந்த ஓரத்துக்கு நகர்ந்தோம். காலுக்கடியில், அந்தப் பலகை இருந்த இடத்தில், ஏதோ மெல்ல ரீங்கரிக்க ஆரம்பித்தது.

காற்று வரும் திசைக்கே சாய்வாக நாங்கள் போய்க்கொண்டிருந்தோம்.

விசையைப் பிரித்து அம்புக்குறி போட்டு எத்தனையோ வருஷம் கரும்பலகையில் காட்டியிருக்கிறேன். அது பொய்யில்லை என்று தெரியும். ஆனால் நம்மைத் தள்ள வரும் காற்றையே பிடித்துக்கொண்டு அதற்கு எதிரே ஏறிப் போக முடியும் என்பது அன்றுதான் என் உடம்புக்குத் தெரிந்தது. இஞ்சின் இல்லை, துடுப்பு இல்லை. சீட் கவர் கடையில் தைத்த துணியும் ஒரு பலகையும்தான். ஜெபம் பண்ணும்போது வருமே, அந்த மாதிரி ஒரு அமைதி.

எதிர்க் கரை நெருங்கியதும் திருப்பினோம். பாய் தலைக்கு மேல் படபடவென்று அடித்து மறுபக்கம் போய் நிறைந்தது. ஒவ்வொரு குறுக்கு ஓட்டத்துக்கும் பனைமரம் பின்னால் போனது, மின்கம்பம் பின்னால் போனது.

"அம்மா, பாலம் பெருசாகுது" என்றாள் மகள்.

என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உப்புத் தண்ணீர் தெறித்ததாகவும் இருக்கலாம். ஆறாவது திருப்பத்தில் பாலத்தின் நிழலுக்கே வந்துவிட்டோம்.

"இப்ப ஓடுது சார்" என்றார் கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த அதே மீனவர். தானும் ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டார். அவரை ஏற்றிக்கொண்டு இன்னொரு சுற்று போனோம். அவர் சுக்கானைக் கேட்டு வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் படகில் குறைகள் இருந்தன. தூக்க நாலு பேர் வேண்டும். காற்று பலத்தால் ஓரம் தாண்டித் தண்ணீர் உள்ளே வரும். பாயின் நடுவில் ஒரு தொப்பை எப்போதும் இருந்தது. அவற்றையும் நோட்டில் எழுதினேன். நான்கு வருஷம், பெரும்பாலான ஞாயிறுகளில், அதில் போனோம். பாலத்தை நோக்கித் திரும்பும் அந்த நொடியில் நான் ஒவ்வொரு முறையும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, காலுக்கடியில் பலகை ரீங்கரிக்கிறதா என்று கேட்பேன்.