லுப்புனாக்காரன்

என் அண்ணி எர்லிந்தா எங்கள் ஊரான புக்கால்பாவின் ஆற்றுத்துறையில் படகுகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தவள். ஒரு மழைக்காலத்தில் இடுப்பு பிடித்துப் படுக்கையாகிவிட்டாள். அக்கரை வைத்தியர் அஸ்துல்ஃபோவிடம் கொண்டுபோனோம். அவர், குடித்தால் கண்ணுக்குள் காட்சிகள் விரியும் அயவாஸ்காக் கொடியைக் காய்ச்சிக் கொடுத்தார். பிறகு லுப்புனா மரப்பட்டைக் கஷாயமும் உப்பில்லாப் பத்தியமும். புருஷன் பக்கத்தில் படுக்கக் கூடாது என்பதும் பத்தியத்தில் சேர்த்தி.

வலி போயிற்று. வந்த கையோடு அண்ணி படம் வரைய ஆரம்பித்தாள். வேர்களுக்குள் வெளிச்சம் ஓடும். பாம்பின் உடம்பில் ஊர்களே இருக்கும். எல்லாவற்றுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்பான். மரப்பட்டை நிறத்தில் அகன்ற தோள், பாதி மூடிய கண். அவன்தான் லுப்புனா மரத்துக்குள் குடியிருக்கும் உடையவன், கொடி குடித்தபோது தனக்குப் பாடிக் காட்டியவன் என்றாள்.

என் அண்ணன் செகுந்தோ மோட்டார் ரிக்‌ஷா ஓட்டினான். ஸ்டாண்டில் சும்மா விடுவார்களா?

"உன் பொண்டாட்டி வரையற ஆளுக்கு நல்ல தோளுடா. உனக்கு எப்ப வந்துச்சு?"

அங்கே சிரித்துவிட்டு வந்து வீட்டில் சாப்பிடாமல் கிடந்தான். தன்னை ஒரு தடவையாவது வரைந்தாளா என்று கேட்டான். அண்ணி வரைந்தாள். அச்சு அசல் அவனேதான். ஆனால் அடையாள அட்டைக்குப் பிடித்த படம் மாதிரி இருந்தது. அது அவனுக்கே தெரிந்துவிட்டது.

மறுநாள் கோடரியோடு அக்கரைக்குப் போய், வைத்தியர் பட்டை உரித்த லுப்புனா மரத்தை வெட்டிக் காயப்படுத்திவிட்டு வந்தான். லுப்புனாவைச் சீண்டினால் வயிறு ஊதும் என்பது எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது? அவனுக்கும் ஊதியது.

வைத்தியர் கையை விரித்தார். "மரத்துக்காரன்கிட்ட யாராச்சும் போய்க் கேட்டுக்கணும். அவனுக்குத் தெரிஞ்சது உன் பொண்டாட்டியத்தான்."

அண்ணி மறுபடி பத்தியம் இருக்கப் போனாள். அண்ணன் என் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"இப்ப அவன்கூடத்தான் இருப்பா."

"உன் வயித்துக்காகத்தான போயிருக்கா, அண்ணே."

"தெரியும். அதான் எரியுது."

வயிறு வற்றியது. அண்ணி இளைத்துப்போய்த் திரும்பினாள். அவள் மூட்டையை இறக்கி வைப்பதற்குள் அவன் கேட்டான்:

"என்ன சொன்னான்?"

"உன்னப் பத்தித்தான் கேட்டுக்கிட்டே இருந்தான். அவனுக்கும் பொறாமையாம்."

"நெசமாவா?" என்றான் அண்ணன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவையும் கேட்டான். அன்றைக்கு இரண்டு மீன் தின்றான்.

பிறகு அவள் படங்கள் தலைநகர் லிமா வரை போயின. இப்போதும் வருஷந்தோறும் பத்தியத்துக்குப் போகிறாள். அவன்தான் படகில் கொண்டுபோய் விடுகிறான். அவள் திரும்பும்வரை யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.