பத்து ஐந்துக்கு எடுத்த படகு

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்கள் பொதுவாக வீட்டில் காலை நீட்டிப் படுப்பார்கள். நம் டிரைவரோ பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, வாடகை வீட்டைக் காலி செய்து, மனைவியோடு அதிலேயே குடியேறினார். இரண்டு பலகைக் கட்டில், ஆடிக்கொண்டே இருக்கும் அடுப்பு, நிமிர்ந்தால் தலையில் இடிக்கும் கூரை. கரையை ஒட்டி ஊர் ஊராகப் போவதுதான் இரண்டு வருடமாகப் பிழைப்பு.

ஆனால் முப்பத்தோரு வருடப் பழக்கம் லேசில் போகுமா? அறைக் கதவில் நேர அட்டவணை ஒட்டினார். பின்னால் வருவதைப் பார்க்கப் பாய்மரத்தில் கண்ணாடி மாட்டினார். ஈ காக்கை இல்லாத துறையில்கூட மூன்று நிமிடம் நிறுத்தினார். காற்று விழுந்துவிட்டால், எதிரே ஏதோ லாரி மறித்து நிற்பதுபோலக் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பார்.

அன்று ஒரு துறையில் மனைவி காய் வாங்க இறங்கினார்.

"பத்து அஞ்சுக்கு எடுத்துருவேன்," என்றார் டிரைவர்.

அந்த அம்மாள் பத்து ஆறுக்கு வந்தார். படகு எடுத்தாகிவிட்டது. ஓடி வருபவருக்காக நிறுத்தியதே இல்லை என்பதுதான் மனிதருக்குப் பெருமை. ஓடி வருவது சொந்தப் பெண்டாட்டி என்பது கண்ணாடியைப் பார்த்த பிறகே உறைத்தது. பாறைக்கும் மணல்திட்டுக்கும் நடுவே திருப்ப இடமில்லை. என்ஜின் ஒரு மாதமாகப் படுத்துக் கிடந்தது.

அம்மாள் பையோடு கரையோரமாகவே நடந்தார்.

"உங்களுக்கு நான் வேணுமா, டைம்டேபிள் வேணுமா?"

"அடுத்த ஸ்டாப்ல ஏத்திக்கிறேம்மா!"

"ஒண்ணும் வேணாம்! நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். இனிமே தனியா ஓட்டுங்க!"

வலை உலர்த்திக்கொண்டிருந்த நான்கு பேர் வேலையைப் போட்டுவிட்டுக் கூடவே நடந்தார்கள். ஒருவர் பையை வாங்கிக்கொண்டார். படகு பின்தங்கியபோதெல்லாம், சண்டை பாதியில் நின்றுவிடக் கூடாதே என்று அம்மாள் நின்று நின்று போனார்.

பகல் பன்னிரண்டரைக்கு அடுத்த துறை வந்தது. டிரைவர் குதித்து இறங்கிப் படகைக் கட்டினார்.

அம்மாள் பையை அவர் கையில் திணித்தார். "வெண்டைக்கா வாடிப்போச்சு. வேற வாங்கிட்டு வரேன்."

எப்போது வருவார் என்று சொல்லவில்லை. அட்டவணைப்படி பன்னிரண்டு நாற்பதுக்குக் கிளம்ப வேண்டும். அது போனது. ஒரு மணிக்கு அருமையான காற்று வந்து பாயை உதறியது. டிரைவர் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டார். அக்கா வீட்டுக்கே போய்விட்டாளோ என்று தோன்றியது. அவள் இல்லாத படகில் ஏறவே பயந்து, வெயிலில் துறையிலேயே நின்றார்.

"எப்பங்க கிளம்பும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"தெரியலைங்க," என்றார். அவர் வாயிலிருந்து அந்தப் பதில் வந்தது அதுதான் முதல்முறை.

மூன்று மணிக்கு அம்மாள் வெறுங்கையோடு வந்தார். டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"காய் எங்கம்மா?"

"கடைக்கே போகல. அந்தப் பெட்டிக்கடை பெஞ்சுல உக்காந்து உங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"இவ்வளவு நேரமா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான்தான் உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கேன். இன்னைக்கு நீங்க எனக்காக நிக்கிறீங்க. அதை நான் உக்காந்து பாக்க வேணாமா?"