நாலு வால் பூச்சி

எங்கள் வீட்டுச் செஞ்சேவல் கழுத்து மொட்டையாகத் திரிந்த வருஷம் அது. சிரங்கு வந்து எனக்கும் மொட்டை போட்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் முற்றத்தில் சேர்ந்து நின்றால் அண்ணன் தம்பி என்று அம்மாவே சொல்வாள்.

சேவலின் இறகு போனது கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துத் துரைக்காக. துரை ஓடையில் மீன் பிடிப்பார். மண்புழு கோர்ப்பது அவருக்குக் கௌரவக் குறைவு. ஒரே ஒரு நாள் பறந்துவிட்டுத் தண்ணீரில் செத்து விழுகிற ஏதோ பூச்சியைப்போல இறகில் கட்டிய பொம்மையை, உள்ளே தூண்டில் முள் ஒளிந்திருக்க, மிதக்க விடுவார். சீமையிலிருந்து வந்த பொம்மைப் பூச்சிகளெல்லாம் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து உதிர்ந்துபோயின. என் அத்தை, அப்பாவின் தங்கை, மிஷனில் லேஸ் பின்னப் படித்தவள். அவள் கட்டித் தருவாள் என்று கேள்விப்பட்டு, தோட்டத்து ரைட்டர் மாதிரிக்கு ஒரு பூச்சியும் கொஞ்சம் முள்ளும் கொண்டுவந்தார்.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் வந்தார். அத்தை கட்டியதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒரு வாரம் சிறகு சாய்ந்திருக்கும். மறுவாரம் கழுத்து தடித்திருக்கும். அதற்கடுத்து, மூன்று வால் இருக்கவேண்டிய இடத்தில் நாலு. அடுத்த வாரம் சரியாக்கிவிடலாம் என்று அத்தை கதவுக்குப் பின்னால் நின்று சொல்வாள். ரைட்டர் கருப்பட்டிக் காப்பியை ஆறவிட்டு, ஆறியதைச் சொட்டுச் சொட்டாகக் குடித்து, மனமில்லாமல் எழுந்து போவார். ஜோலி இல்லாமல் ஓர் ஆண் வந்து உட்காரக்கூடிய வீடல்ல எங்களுடையது. அப்பா சபை மூப்பர். சிரிப்பதற்குக்கூட வேதத்தில் ஆதாரம் கேட்பவர். அத்தையைப் பெண்பார்த்துப் போன இரண்டு இடத்திலிருந்தும் மறுசொல் வரவில்லை என்ற வருத்தம் வேறு அவருக்கு.

எனக்கு அத்தைமேல் இரக்கம். கண்ணை மூடிக்கொண்டு லேஸ் பின்னுகிறவள், ஒரு பூச்சிக்கு வால் எண்ணத் தெரியாமல் வாராவாரம் அவமானப்படுகிறாளே. சேவலைத் துரத்திப் பிடித்தேன். மாதிரியைப் பார்த்து நானே இரண்டு கட்டி, ஒன்றை அவள் டப்பாவில் மாற்றி வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை ரைட்டர் பூச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாலை நகத்தால் எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"குத்தம் ஒண்ணும் இல்ல" என்றார், சாவு சொல்ல வந்தவர் குரலில். காப்பியைத் தொடாமலே போனார்.

அத்தை என் காதைப் பிடித்தாள். "ஏலே, உன்ன ஆருலே கெட்டச் சொன்னா?"

"நீ கெட்டுனா நாலு வாலுல்லா வருது."

காதை விட்டுவிட்டு அழுதாள். என் கைத்திறமையைக் கண்ட பொறாமை என்று எண்ணி அவளை மன்னித்தேன்.

மறுவாரமும் ரைட்டர் வந்துவிட்டார். அப்பாவும் வீட்டிலிருந்தார். துரைக்குப் பூச்சி பிடித்திருக்கிறதாம், மீன்களுக்குத்தான் பிடிக்கவில்லையாம், வேறு கட்டவேண்டுமாம். கதவுக்குப் பின்னால் அத்தை சிரித்தது கேட்டது. எனக்கோ மொட்டை மண்டை கொதித்தது. மிச்சமிருந்த என் பூச்சியை மூங்கில் கம்பில் நூலோடு கட்டிக்கொண்டு ஓடைக்கு ஓடினேன். அவருடைய காப்பி ஆறி முடிவதற்குள், முழங்கை நீளக் கெண்டை ஒன்றைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டேன். அதன் வாயில் என் பூச்சி.

"பொய்யாக்கும் அப்பா. மீனுக்குப் பிடிச்சிருக்கு."

அப்பா மீனைப் பார்த்தார். ரைட்டரைப் பார்த்தார். அப்புறம் கதவைப் பார்த்தார்.

"தொரைக்கும் பிடிச்சாச்சு, மீனுக்கும் பிடிச்சாச்சு. பின்ன நீரு எதுக்குவே வாறீரு?"

ரைட்டர் தலையைத் தொங்கப்போட்டார். காது இரண்டும் சேவல் கொண்டைபோலச் சிவந்துவிட்டன. அப்பா விரட்டப்போகிறார் என்று நான் வாசலை விட்டு விலகி வழிவிட்டேன். அப்பாவோ தாடையைத் தடவிக்கொண்டு, உள்ளே பார்த்து, "ரைட்டருக்கும் சேத்து சோறு வையி" என்றார்.

அம்மா குழம்பு வைத்தாள். அத்தை பரிமாறினாள். தலை அப்பாவுக்கு. நடுத்துண்டு ரைட்டருக்கு. பாடுபட்டுப் பிடித்த எனக்கு வால். பொய் சொன்னவனுக்கு நடுத்துண்டு போடுகிற வீட்டில் நியாயம் எப்படி விளங்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே முள்ளெடுத்தேன். அத்தை என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து என் மொட்டைத் தலையைத் தடவி, தன் பங்குத் துண்டையும் என் சோற்றில் வைத்தாள்.

பொறாமைப்பட்டதற்குப் பரிகாரம் செய்கிறாள் என்று, பெரிய மனதோடு தின்றேன்.