சப்பை மூக்கு ரவை

எங்கள் வீட்டில் ரவை என்றால் ஒன்றே ஒன்றுதான். அம்மா அதை வறுத்துக் கிண்டினால் உப்புமா, சீனியும் நெய்யும் சேர்த்து உருட்டினால் லட்டு. இத்தாலியின் பலெர்மோவில் பிறந்து, அங்குள்ள அல்பெர்கேரியாச் சந்துகளில் ஓடித் திரிந்த எனக்கு, அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டென்பது ஒன்பது வயதுவரை தெரியாது. முதல்முறை காதில் விழுந்தபோதும் நான் அதை நம்பவில்லை. மாமாவின் தமிழில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. இலங்கையில் சண்டை ஓய்ந்த பின் மன்னாரிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வாய் நிறையச் சிரிப்பு. ஆனால் அந்த வாயில் இத்தாலியன் மட்டும் ஏறமாட்டேன் என்றது. எதைக் கேட்டாலும் ‘ஆமாம், ஆமாம்’ என்பதற்கு ‘சி, சி’ என்று தலையாட்டுவார். ஒருமுறை பஸ்ஸில், டிக்கெட் இல்லாமலா ஏறினாய் என்று கேட்டவரிடமும் ‘சி, சி’ என்றார், கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டே! நான் இதைச் சொல்லிச் சொல்லி அவரைப் பழிப்பேன். அவர் என் மூக்கைப் பழிப்பார். குழந்தையில் தண்ணீர் வார்க்கும்போது அம்மா ஒழுங்காக இழுத்துவிடாததால்தான் அது இப்படிச் சப்பிப்போய்க் கிடக்கிறதாம். “சப்பை மூக்கி, இஞ்சை வா” என்றுதான் கூப்பிடுவார்.

அம்மா பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய பெரிய வீட்டில் வேலை செய்தார். அந்த வீட்டு எசமானியான சினியோராவின் தகப்பனாருக்குக் கூடமாட நிற்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலை கிடைத்தால் மாமாவுக்கு ஒப்பந்தம் கிடைக்கும். ஒப்பந்தம் கிடைத்தால் பெர்மேசோ என்கிற வதிவிட அனுமதி கிடைக்கும். அது இல்லாவிட்டால் பொலிஸ்காரரைக் கண்டு தெரு மாறி நடக்கிற சீவியம்தான். சினியோரா கேட்டது ஒன்றே ஒன்று: அப்பா சொல்வது அந்த ஆளுக்கு விளங்க வேண்டும். நம் மாமாவிடம் கேட்கக்கூடாத ஒன்றைத்தான் அந்த மனுசி கேட்டார்.

சோதனை ஒரு சனிக்கிழமை வைத்தார்கள். மொழிபெயர்ப்புக்கு நான். ரயிலில் அம்மா மாமாவுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தார். “ஒண்டும் தெரியாத ஆள் மாதிரி நில். கண்டதுக்கும் வாய் குடுக்காதை.” மாமாவுக்குப் போய் இதைச் சொல்லித் தரவேண்டுமா என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சினியோராவின் தகப்பனார் காட்டுப்பன்றி வேட்டைக்காரர். கண்பார்வை மங்கிக்கொண்டு வந்தது, ஆசை மட்டும் மங்கவில்லை. அவரிடம் இரண்டு துவக்குகள் இருந்தன. ஒன்று, ஒரு தடவைக்கு ஒன்றே ஒன்று போட்டுச் சுடுவது. மற்றது புதிது. கௌபாய் படங்களில் வருவதுபோல், அடியில் இருக்கும் வளையத்தை முன்னால் தள்ளிப் பின்னால் இழுக்கிற துவக்கு. இரண்டுக்கும் உரியவற்றைக் கிழவர் ஒரே பிஸ்கட் டின்னில் கொட்டி வைத்திருந்தார். பிழையானதை எடுத்துப் போட்டுவிடுவாரோ என்று சினியோராவுக்கு நடுக்கம். ஆகவே டின்னைத் தூக்கிக்கொண்டு அவர்கள் இரண்டு பேரும், மாமாவும் நானுமாகத் துவக்குக் கடைக்குப் போனோம். எது எந்தத் துவக்குக்கு என்று மாமா பார்த்து விளங்கிக்கொள்ள வேண்டும். கிழவர் பிழை விட்டால் தடுக்க வேண்டும். அதுதான் சோதனை.

கடைக்காரர் மீசை வைத்த, பொறுமையான மனிதர். டின்னைத் திறந்து அவர் கதைக்கத் தொடங்கியதும் முதல் சொல்லிலேயே நான் மாட்டிக்கொண்டேன். அதற்குத் தமிழ் தெரியாது. “மாமா, இந்தப் பித்தளைப் பென்சில் இருக்கெல்லோ...” என்று இழுத்தேன்.

“ரவை” என்றார் மாமா மெதுவாக.

“ஐயோ மாமா, ரவை எண்டால் உப்புமா! பேசாம நில்லுங்கோ.”

கடைக்காரர் சொல்லச் சொல்ல நான் பெரிய மனுசி தோரணையில் எடுத்துவிட்டேன். இந்தப் புதுத் துவக்கின் குழலுக்குக் கீழே இன்னொரு நீளக் குழாய் இருக்கிறது. பென்சில்கள் அதற்குள் ஒன்றின் பின்னால் ஒன்றாகப் படுத்திருக்கும். “பெர்மேசோவுக்காகக் க்வெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வரிசையிலை நாங்கள் நிக்கிற மாதிரி மாமா. பின்னாலை நிக்கிற ஆளின்ரை மூக்கு முன்னாலை நிக்கிற ஆளின்ரை முதுகிலை முட்டும்.” அது என்னுடைய சொந்தச் சரக்கு, கடைக்காரர் சொல்லவில்லை.

பிறகு அவர் வெடிமருந்து இல்லாத வெறும் மாதிரிகளை எடுத்து, மேசைத் துணியின் மேல் வரிசையாகப் படுக்க வைத்தார். மொட்டை முனையோடு ஒன்று, இன்னொன்று. அடுத்து, ஊசிபோல் கூரான ஒன்றை எடுத்து அந்த வரிசையின் பின்னால் வைத்துவிட்டு, “இப்போது பாருங்கள்” என்று தொடங்கினார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அதற்குள் மாமாவின் கை நீண்டது. கூரானதை வரிசையிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தது. அத்தோடு நின்றதா? டின்னுக்குள் போனது. பெருவிரலால் முனையை ஒருமுறை தடவுவார். கூரானது இடப்பக்கம், மொட்டை வலப்பக்கம். மாமாவின் கண் டின்னில் இல்லை, கடைக்கு வெளியே தெருவில் இருந்தது. பாதி டின் பிரிந்த பிறகுதான் அவருக்குத் தன் நினைவு வந்தது. லட்டுத் திருடி அகப்பட்ட பிள்ளை மாதிரி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“பிராவோ!” என்று கடைக்காரர் மேசையில் தட்டினார். “இவருக்கு எல்லாம் விளங்குகிறதே!”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான் இன்னும் மொழிபெயர்க்கவே இல்லை! அப்படியானால் மனுசனுக்கு இத்தாலியன் தெரிகிறது. இவ்வளவு நாளும் ‘சி, சி’ என்று நடித்து என்னைப் பேய்க்காட்டியிருக்கிறார். அந்தக் கோபத்தோடு சினியோராவிடம் திரும்பி, “என் மாமாவுக்கு இத்தாலியன் நன்றாகத் தெரியும், வெட்கத்தில் பேசுவதில்லை” என்று போட்டுடைத்தேன். சினியோராவின் முகம் மலர்ந்தது. கிழவர் மாமாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். மாமா “சி, சி” என்றார்.

விளக்கம் பிறகுதான் வந்தது. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் நடுவில் வட்டமாக ஒரு பொட்டு இருக்கிறது. சுடும்போது துவக்கு உதைக்கும். அந்த உதைப்பில் கூர்மூக்கு, முன்னால் கிடப்பதன் பொட்டில் போய்க் குத்தினால் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடும், பிடித்திருப்பவரின் கை போய்விடும். மூக்கு சப்பையாக, பொட்டை விட அகலமாக இருந்தால் குத்தாது. இதை நான் விடுவேனா?

“கேட்டீங்களோ மாமா? சப்பை மூக்குதான் நல்லதாம்!”

மாமா சிரித்தார். ஆனால் நெற்றி முழுக்க வியர்த்திருந்தது.

வேலை கிடைத்துவிட்டது. ஒப்பந்தத்துக்கு எந்த நாள் வரவேண்டும் என்று சினியோரா அம்மாவிடம் சொல்லும்போது, உன் தம்பிக்கு எவ்வளவு நன்றாக விளங்குகிறது என்று கடையில் நடந்ததையும் சொன்னார். அம்மா நன்றி சொன்னார். ரயில் வெளிக்கிட்ட பிறகுதான் மாமாவின் பக்கம் குனிந்தார்.

“உன்ரை கை சும்மா இராதோ?”

“தெரியேல்லை அக்கா. அது தன்பாட்டிலை போயிட்டுது.”

அம்மா சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. கடைச் சாமான்களைக் கேட்காமல் தொடக்கூடாது என்று எனக்கும் எத்தனை தரம் சொல்லியிருப்பார். ஆனால் என் வழக்கு வேறு.

“மாமா, உண்மையைச் சொல்லுங்கோ. இத்தாலியன் எங்கை படிச்சனீங்கள்?”

மாமா அம்மாவைப் பார்த்தார். பிறகு என் மூக்கைப் பிடித்து நன்றாக இழுத்துவிட்டார்.

“பள்ளிக்கூடத்தாலை வாற வழியிலை, பிள்ளை. வாகனத்திலை ஏத்திக்கொண்டு போய்ப் படிப்பிச்சவை.”

என்ன ஊரப்பா அது! தெருவுக்கே வாகனம் அனுப்பி இத்தாலியன் படிப்பிக்கிறார்களாமே! இவ்வளவு வசதி இருந்தும் அம்மா ஏன் படிக்காமல் விட்டார்? படித்திருந்தால் டாக்டரிடமும் க்வெஸ்தூராவிலும் கதைக்க என்னை இழுத்துக்கொண்டு அலையத் தேவையில்லையே.

“உங்களை ஏனம்மா அவை ஏத்தேல்லை?”

“அவை வர முதல் வீட்டிலை என்னை அவசரமாக் கட்டிக் குடுத்திட்டினம்” என்றார் அம்மா.

கலியாணம் கட்டினால் படிப்புப் போய்விடும் என்று எனக்கு நன்றாக விளங்கிவிட்டது. அந்த ரயிலிலேயே, நான் கலியாணமே கட்டப் போவதில்லை என்று இருவருக்கும் உரக்க அறிவித்தேன். மாமா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. என்னை இழுத்து மடியில் இருத்தி, இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். பலெர்மோ வந்து எல்லோரும் இறங்கத் தொடங்கியும் விடவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையை இப்படி மடியில் வைத்திருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு ஒரே வெட்கமாக இருந்தது.