பல் போன பெல்ட்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதால் எழுத்துப் பிழையும் இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஏற்காடு டாக்ஸி ஸ்டாண்டில் இன்னும் சிலர் இன்ஜினை அணைத்துவிட்டு மலை இறங்குகிறார்கள். நாலு பேர் கூடினாலே எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

இது பல வருடங்களுக்கு முன் நடந்தது. அப்போது நான் ஏற்காட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் டிரைவராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன் லாரியில் கிளீனர். டாக்டரம்மாவின் வண்டி, அந்தக் காலத்தில் புதிதாக வந்த சின்ன வேன். செவ்வாய்க்கிழமைகளில் அதில் கொட்டச்சேடு என்ற மலைக்கிராமத்துக்குப் போய், அங்குள்ள கர்ப்பிணிகளைப் பார்த்துவிட்டு வருவார். வியாழக்கிழமை நான் மட்டும் சேலம் போய் மருந்துப் பெட்டிகளை ஏற்றி வருவேன்.

தனியாக இறங்கும்போது இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் உருட்டிக்கொண்டே போவேன். லாரியில் கற்ற பழக்கம். அடிவாரம் நெருங்கும்போது மூன்றாம் கியரில் போட்டு கிளட்சை விட்டால், ஒரு குலுக்கலோடு இன்ஜின் ஓடத் தொடங்கும். இதனால் பெட்ரோல் மிச்சமானது. ஒருநாள் டாக்டரம்மா, “பழைய டிரைவரை விட நீங்க வண்டிய நல்லா ஓட்டுறீங்க. பெட்ரோல் எவ்வளவு குறைஞ்சிருக்கு பாருங்க” என்று நர்ஸுகள் முன்னால் சொன்னார். அதுவரை யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. அன்று மதியம் சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

கொஞ்ச நாளில் வண்டியின் போக்கு மாறியது. காலையில் இரண்டு மூன்று முறை சாவி திருப்பினால்தான் கிளம்பும். ஏற்றத்தில் முன்போல இழுக்கவில்லை. இன்ஜின் முன்பக்க மூடிக்குள்ளிருந்து டக்டக்கென்று லேசான சத்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாக்டரம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், மூடியைக் கழற்றினேன். உள்ளே கறுப்பாக ரப்பர் தூள் உதிர்ந்து கிடந்தது.

அதற்குள் இருப்பது டைமிங் பெல்ட். உள்பக்கம் பல் வைத்த ரப்பர் பட்டை. கீழே இன்ஜினின் கிராங்க் தண்டு சுற்றுவதை மேலே வால்வுகளைத் திறக்கும் சக்கரத்துக்கு அதுதான் கொண்டு போகிறது. இரண்டு சக்கரமும் ஒரு கணக்கில் சுற்ற வேண்டும். பெல்ட் அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஸ்பானரால் கிராங்கை மெல்லத் திருப்பிப் பார்த்தேன். பெல்ட்டின் முதுகில் குறுக்கே வெடிப்பு. மூன்று பல் பாதி பிய்ந்து, உள்ளே இருக்கும் நூல் தெரிந்தது.

சேலம் ஒர்க்‌ஷாப்பில் இந்த வேலையை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன். டயருக்குக் கல் வைத்து, இரண்டு சக்கரத்திலும் கம்பெனி போட்டிருந்த குறிகளை நேராக்கினேன். குறி மங்கலாக இருந்ததால் ஆஸ்பத்திரி பிளாஸ்டரைத் துணுக்காக வெட்டி அந்த இடங்களில் ஒட்டிவிட்டு, பெல்ட்டைக் கழற்றினேன். பெல்ட் தேய்ந்துவிட்டது என்று மட்டும் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு, திங்கள் காலை முதல் பஸ்ஸில் சேலம் போனேன்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் பழைய பெல்ட்டை வளைத்துப் பார்த்தார்.

“எத்தன கிலோமீட்டருங்க ஓடிருக்குது?”

சொன்னேன்.

“இன்னும் பாதி ஆயுசு இருக்குதுங்களே! இது ஓடித் தேஞ்சதில்லீங்க, இழுத்துப் பிச்சது. மலை வண்டிங்களா?”

“ஆமாங்க.”

“இன்ஜின அணைச்சுப்போட்டு உருட்டிக்கிட்டு வந்து, கீழ கியர்ல போட்டுக் கெளப்புவீங்களாட்ட இருக்குது?”

நான் கடை வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்தேன்.

“பேச மாட்டீங்கறீங்க, அப்பச் சரிதானுங்க” என்று சிரித்தார். “அந்தக் குலுக்கல லாரி தாங்குமுங்க. இந்த ரப்பர் நொம்ப நாளைக்குத் தாங்காதுங்க.”

திரும்பி வரும் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் ஒன்றை மாற்றி ஒன்றை நினைத்தேன். பெல்ட் தானாகத் தேய்ந்தது என்றே விட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் வேலை போகும். வேலை போகாவிட்டாலும் அந்தப் பாராட்டு போய்விடும். வேலையை விட அதை இழக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சொல்லாவிட்டால், அந்தப் பாராட்டைக் காப்பாற்றவே மறுபடியும் இன்ஜினை அணைத்துத்தான் இறங்க வேண்டியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நோயாளிகளை அனுப்பிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது என்று, அவர் முதுகைப் பார்த்தே சொல்லி முடித்தேன்.

அவர் குழாயை மூடினார். “எல்லார் முன்னாடியும் உங்கள மெச்சுனேனே, அப்ப ஏன் சொல்லல?”

“நொம்ப சந்தோஷமா இருந்துச்சுங்கம்மா. அதான் வாய் வரலீங்க.”

“இன்ஜின் அணைஞ்சா பிரேக்கும் சரியா பிடிக்காதே. எங்காவது உருண்டிருந்தா உங்களுக்குத் தையல் போடறது யாரு? நான்தானே?”

“ஆமாங்கம்மா.”

“எனக்கு வேற வேலை இல்லையா?” துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். “நாளைக்குக் கொட்டச்சேட்டுல இருபது பேர் காத்திருப்பாங்க. வண்டி கெளம்புமா?”

“கெளம்புமுங்கம்மா.”

உடனே வண்டியிடம் போனேன். சேலத்தில் வாங்கிய புதுப் பெல்ட்டை மாட்டி, அதைத் தொய்யாமல் பிடிக்கும் இழுவைச் சக்கரத்தை இறுக்கி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். மேல் குறி ஒரு பல் தள்ளி நின்றது. கழற்றி மறுபடியும் மாட்டினேன். இந்த முறை இரண்டு குறியும் நேராக நின்றன. மூடியைப் போட்டுச் சாவியைத் திருப்பியதும் ஒரே முறையில் கிளம்பியது. ஜன்னலிலிருந்து ஒரு நர்ஸ் கை தட்டியது கேட்டது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

செவ்வாய் காலை கொட்டச்சேடு போகும் வழியில் டாக்டரம்மா, வண்டியோடு வந்த புத்தகத்தை என் பக்கம் நீட்டினார். பின் அட்டையில் பெல்ட் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதியிருந்தார். அதன் கீழே ஒரு காலி வரி.

“அடுத்தது எப்பன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். அந்த வரிய நீங்களே எழுதுங்க” என்றார்.

அந்த வாரம் சேலத்துக்கு இரண்டாம் கியரில், இன்ஜின் உறுமிக்கொண்டே இறங்கினேன். மாதக் கடைசியில் பெட்ரோல் கூடியிருந்தது. டாக்டரம்மா ஒன்றும் கேட்கவில்லை. நான்கு வருடம் கழித்துக் காலி வரியை நிரப்பினேன். அன்று கழற்றிய பெல்ட்டில் ஒரு பல்லும் போகவில்லை. அதை அவரிடம் எடுத்துப் போய்க் காட்டினேன், இந்த முறை அவர் முகத்தைப் பார்த்தே.

இதை எழுதி முடித்தது 1999 மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை.