ஓவர்சியரின் ஒயினும் என் நீலக் கரைசலும்

அடுத்தவர் சிறுநீரைக் கொதிக்கவைத்து நிறம் பார்க்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: முந்தின நாள் என்ன சாப்பிட்டோம் என்று நம்மிடம் யாரும் புளுக முடியாது.

அறுபதுகளின் கடைசியில் ஓசூரில் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்கில் நான்தான் லேப். நீலக் கரைசலில் சில சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டுவேன். சர்க்கரை இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, ஏற ஏற மஞ்சள், எக்கச்சக்கமாக இருந்தால் செங்கல் நிறம். பிற்பாடு எனக்கும் அதே வியாதி வந்துவிட்டது. ஆகவே சர்க்கரைக்காரர்களே, நான் உங்கள் கூட்டத்து ஆள். கூச்சப்படாமல் படியுங்கள்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர்

மத்திகிரி கால்நடைப் பண்ணையில் ஓவர்சியராக இருந்தவர் ஆரோக்கியசாமி. முரட்டுக் காளைகளை அதட்டியே அடக்குகிற குரல். அவர் கொண்டுவந்த முதல் பாட்டிலைக் கொதிக்கவைத்தேன். புதுச் செங்கல் தோற்றது! டாக்டரம்மா இன்சுலின் ஊசி எழுதிவிட்டு, வெல்லம் கூடாது, மாம்பழம் கூடாது, அரிசிச் சோறு அளவோடுதான் என்று அடுக்கினார். மனிதர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "ஒயின்?" என்று மட்டும் கேட்டார். "மூச்!" என்றார் டாக்டரம்மா.

அப்போது நம் பக்கம் மதுவிலக்கு. எல்லை தாண்டினால் மைசூர் ராஜ்யம், அங்கே தடையில்லை. அத்திப்பள்ளியில் அவர் மச்சான் சின்னப்பனுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் மத்தியானம் ஓவர்சியரும் அவர் மனைவி லூர்தம்மாளும் அங்கே போய், வீட்டில் போட்ட ஒயினை ஆளுக்கு ஒரு டம்ளர் குடிப்பார்கள். டாக்டரம்மா மறுத்த பிறகும் ஓவர்சியர் கிளினிக் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. காளையை அதட்டும் குரல் பொசுக்கென்று இறங்கிவிட்டது.

"சோறு கொறைங்கன்னீங்க, கொறைச்சுக்கறேங்க டாக்டரம்மா. ஆனா கல்யாணம் ஆனதுலேர்ந்து எங்க வூட்டம்மா எங்கூட உக்காந்து சாப்படறது அந்த ஒரு நாளுதாங்க."

சாவடியில் ஒரு பாட்டில்

ஒரு தடவை மச்சான் வீட்டில் தங்கியிருந்தவர், சோதனைக்கான காலைச் சிறுநீரை அங்கிருந்தே எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். கைக்குக் கிடைத்தது காலி பிராந்தி பாட்டில்! எல்லைச் சாவடியில் மதுவிலக்கு போலீஸ் விடுமா? பையைத் துழாவிய ஏட்டு, வேட்டை கிடைத்த சந்தோஷத்தில் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தார். "அய்யா, தெறக்காதீங்க" என்று ஓவர்சியர் கெஞ்சக் கெஞ்ச, ஏட்டின் சந்தேகம் வலுத்தது. மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார்.

பஸ்ஸே அடக்கமாட்டாமல் சிரித்ததாம். ஏட்டு மூடியை இறுக்கித் திருகிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கைகழுவத் தண்ணீர் தேடிக்கொண்டே சொன்னாராம்: "யோவ், இதைக் கொண்டுபோறதுக்குச் சட்டத்துல தடை இல்லதான். ஆனா தடை போட்டிருக்கணும்!"

குடிகாரன் என்றார்கள்

இனி வருவது சிரிக்கிற விஷயமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் லேப் சாமான் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். அத்திப்பள்ளியில் ஓவர்சியரும் லூர்தம்மாளும் ஏறினார்கள். அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ உளறினார், வாயில் ஒயின் வாசனை. அடுத்த நிமிஷம் பக்கத்து ஆள்மேல் சாய்ந்தார். "குடிதித்தானெ!" என்று கண்டக்டர் கன்னடத்தில் கத்தினான். சாவடியில் பஸ் நின்றதும் இரண்டு போலீஸ்காரர்கள் அவரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அதே ஏட்டு, லத்தியோடு.

நானும் பின்னாலேயே குதித்தேன். "கோயிலுக்குப் போற அவசரத்துல ஊசி போட்டுட்டு ஒண்ணும் சாப்படலப்பா! எங்கண்ணன் வூட்ல வெறும் வயித்துல அரை டம்ளர் குடிச்சாரு!" என்று லூர்தம்மாள் அலறினாள். எனக்குப் புரிந்துவிட்டது. இது போதையில்லை; ஊசியும் வெறும் வயிறும் ஒயினும் சேர்ந்து சர்க்கரையை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டன. டீக்கடைக்கு ஓடிக் கேட்காமலே சர்க்கரை டப்பாவைத் தூக்கினேன். தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, "முழுங்குங்க, முழுங்குங்க" என்று லூர்தம்மாள் வாய் கொள்கிற அளவாகக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஓவர்சியர் கண் தெளிந்து, "என்ன ஸ்டாப்பிங் இது?" என்று கேட்டாரே, எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது! டீக்கடைக்காரர் பன் கொடுத்தார்.

சர்க்கரை இறங்கின கதையை நான் சொன்னதும், ஏட்டு லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏறினாலும் ஆபத்து, எறங்கினாலும் ஆபத்தா? இந்த வியாதிக்கு ரெண்டு பக்கமும் செக்போஸ்ட் இருக்குதேப்பா!"

ஜாடிக்கு ஒரு டெஸ்ட்

டாக்டரம்மா அவரைத் திட்டிய திட்டு காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. ஆனால் திட்டி முடித்ததும் லூர்தம்மாளைப் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார். கிறிஸ்துமஸ் வரை சோதனை ஒழுங்காக இருந்தால், அன்று வயிறு நிறையச் சாப்பிட்டபடி, சின்ன டம்ளரில் ஒன்று. இனிப்பு ஒயின் கூடவே கூடாது. இதுதான் உத்தரவு.

அன்றிலிருந்து மனிதருக்கு வெறி பிடித்துவிட்டது! சின்னப்பன் ஒயினில் கிலோ கணக்கில் சர்க்கரை போடுவார். ஓவர்சியர் தனி ஜாடி வைத்தார்: திராட்சையோடு சரி, சர்க்கரை கிடையாது. நொதித்து நொதித்து அடங்கும்வரை தொடவிடவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் நான் கரைசலையும் ஸ்பிரிட் விளக்கையும் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டினேன். முதலில் சின்னப்பனின் ஒயின்: கொதிப்பதற்குள் செங்கல்! அடுத்தது ஓவர்சியருடையது. குழாயைப் பிடித்திருந்த என்மேல் லூர்தம்மாளோடு சேர்த்து மூன்று பேரும் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்கள். கொதித்தது. காத்திருந்தோம். லேசான பச்சை, அதற்குமேல் போகவில்லை! ஓவர்சியர் போட்ட கூச்சலில் தோட்டத்துக் காக்காய்களெல்லாம் கிளம்பிவிட்டன.

சின்னப்பன் ஒரு வாய் குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "மச்சான், இதுல ஊறுகா வேணா போடலாம்!"

பண்டிகைச் சாப்பாடு

கிறிஸ்துமஸ் மத்தியானத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். ஓவர்சியரின் காலைச் சோதனையில் குழாய் நீலமாகவே நின்றது. அந்தச் செய்தியோடுதான் நான் போய்ச் சேர்ந்தேன். களியும் கோழிக் குழம்பும் பாதி இறங்கிய பிறகே டம்ளரைத் தொட ஓவர்சியருக்கு அனுமதி. லூர்தம்மாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவர் இலையில் களி குறைகிறதா என்று பார்த்தபடியே தானும் சாப்பிட்டாள். அவர் ஒரு மிடறை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார், அவசரமே இல்லாமல் விழுங்கினார். "எப்படி இருக்குது?" என்று அவளைக் கேட்டார், பரீட்சை எழுதியவன்போல.

அவளும் ஒரு மிடறு குடித்தாள். கண்ணில் நீர் முட்டியது. புளிப்பினாலா வேறெதனாலா, தெரியவில்லை. "கொல்லுற புளிப்பு. ஆனா பக்கத்துல நீங்க தெளிவா உக்காந்திருக்கீங்க இல்ல, எனக்கு இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."

சர்க்கரைக்காரர்களே, நம்மைப் போன்றவர்கள் ஒயின் குடிக்கலாமா என்று யாராவது கேட்டால், முதலில் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பதுதான் இன்றுவரை என் பழக்கம்.