காக்காவுக்குக் குடை கிடைத்ததா?

நான்கு வருடங்களுக்கு முன்பு திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். கீழ் வீட்டில் ஒரு அண்ணாச்சி தனியாக இருந்தார். அரிசி மண்டியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஆனால் தெருவுக்கு அவர் பாட்டுக்கார அண்ணாச்சி. குழந்தைகளுக்கு அவரே பாட்டு எழுதுவார், மெட்டுப் போடுவார், மவுத் ஆர்கன் வாசிப்பார், பாட்டில் வரும் பூனைக்கும் ஆனைக்கும் அட்டையில் முகமூடி வெட்டுவார். இத்தனை வித்தை தெரிந்தவருக்குச் சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போடத் தெரியாது.

என் மகளுக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. 'அம்மா' கூடக் கிடையாது. அண்ணாச்சிக்கு அவள்தான் முதல் ரசிகை. பாடி முடித்ததும் அவர் முழங்காலை அவள் இரண்டு தட்டுத் தட்டினால், இன்னொரு தடவை பாடு என்று அர்த்தம். அப்படித் தட்டு வாங்கிய பாட்டு மட்டும்தான் அவர் நோட்டில் ஏறும். மற்றதை அப்படியே விட்டுவிடுவார்.

அந்த மழைக்காலத்தில் புதிதாக ஒரு பாட்டு ஆரம்பித்திருந்தார். இரண்டு வரிதான் ஆகியிருந்தது.

"காக்கா ஒண்ணு குடை வாங்கக் கடைக்குப் போச்சு,
கடைக்காரர் விரிச்சுக் காட்டப் பயந்து போச்சு."

எனக்கோ வேறு பயம். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், இரண்டும் சேர்ந்துதான் பிள்ளையைக் குழப்புகிறது என்று செல்போனில் எதையோ படித்துவிட்டு முடிவு கட்டினேன். இனி மலையாளம் மட்டும். யாரையும் கேட்கவில்லை. நேரே கீழே போய், அவளுக்குத் தமிழ்ப் பாட்டு வேண்டாம் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன்.

அவர் வாதாடவில்லை. "சரி மக்ளே. வார்த்தை வேண்டாம்னா, மவுத் ஆர்கன் மட்டும் வாசிக்கட்டா? அதுக்கு ஏது பாஷை?" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. உங்களைப் பாத்தாலே அவளுக்குப் பாட்டு ஓர்மை வரும்," என்றேன். ரொம்பப் புத்திசாலி என்று எனக்கு நினைப்பு.

அதன் பிறகு படியிறங்கும்போதெல்லாம் மகள் அவர் கதவுப் பக்கம் கையை நீட்டுவாள். நான் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். கொஞ்ச நாளில் மவுத் ஆர்கன் சத்தமும் நின்றுபோனது.

ஓணம் விடுமுறைக்கு நாகர்கோவில் போய் வந்த மறுநாள், பேச்சுப் பயிற்சி தரும் ஒரு அம்மாவிடம் மகளை முதன்முறையாகக் காட்டினேன். நான் செய்ததைப் பெருமையாகவே சொன்னேன். "அய்யோ, வீட்டு பாஷையை எந்தினா நிறுத்தினது? பாடுறவர் இருந்தா பாடட்டே. குட்டிக்கு அதல்லே வேண்டது," என்றார் அவர். ஏன் நிறுத்தினாய், பிள்ளைக்கு அதுதானே வேண்டும் என்கிறார்.

திரும்பி வந்ததும் மகளோடு போய் அண்ணாச்சியின் கதவைத் தட்டினேன். அவருடைய தங்கை திறந்தார். நாங்கள் இல்லாத வாரத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்திருந்தது. பேச்சு போய்விட்டது.

மகள் கட்டிலுக்கு ஓடி, போர்வைக்கு மேல் அவர் முழங்காலை இரண்டு தட்டுத் தட்டினாள். அவர் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. அவள் மறுபடியும் தட்டினாள். "மன்னிச்சிருங்க அண்ணாச்சி," என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு வாயை அசைத்தபடி இருந்தார்.

அடுத்த மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். பாட்டு நோட்டைத் தங்கை எங்களுக்கே கொடுத்தார். காக்கா பாட்டு அதில் இல்லை. பாட்டு முடிந்து இவள் தட்டியிருந்தால்தானே எழுதியிருப்பார்.

இப்போது மகளுக்கு ஏழு வயது. இரண்டு பாஷையிலும் வாய் ஓயாமல் பேசுகிறாள். அந்த இரண்டு வரியை நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மழை பிடித்தால் பாடிவிட்டு, "அப்புறம் காக்கா குடை வாங்கிச்சாம்மா?" என்று கேட்பாள். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம்தான். ஆனால் அந்தக் காக்காவைக் கடை வாசலிலேயே நனையவிட்டவள் நான் என்பதால், இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.